பட்டுப்பூச்சியின் படைக்கலம்

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற காஞ்சி வட்டாரத்தில், தாமல் போன்ற ஊர்களில் பிறந்து வளர்ந்தோர்க்குத் தறியின் ஓசை புதிதன்று. ஆயின், அப்பட்டு நூலை ஈனும் புழு தன் உடல்நீரில் வேறொரு செல்வத்தையும் கொண்டுள்ளது என்பதைப் பலரும் அறியார்.

நம் குருதியில் இருப்பன போன்ற எதிர்ப்பொருள்கள் பூச்சியினத்துக்கு இல்லை. அங்ஙனமாயின் நோய்க்கிருமிகளை அது எவ்வாறு வெல்கிறது? சுவீடன் நாட்டு அறிஞர் ஹான்ஸ் போமன் இவ்வினாவை எழுப்பினார். அமெரிக்கப் பெரும்பட்டுப்பூச்சியான செக்ரோப்பியாவின் கூட்டுப்புழுவில் அவரும் உடன் ஆய்வாளரும் பாக்டீரியாவைச் செலுத்தி ஆராய்ந்தனர். கிருமி புகுந்தபின் புழு சுரந்த சிறு புரதத்துண்டுகளைப் பிரித்தெடுத்துச் 'செக்ரோப்பின்' எனப் பெயரிட்டு, 1981இல் வெளியிட்டனர். செக்ரோப்பின் 'ஏ' என்பது 37 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. இத்தகைய சிறு சங்கிலிகளையே பெப்டைடு என்பர். முசுக்கொட்டை இலை உண்ணும் நம் பட்டுப்புழுவிடத்தும் இக்குடும்பத்துப் பெப்டைடுகள் பின்னர்க் கண்டறியப்பட்டன.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? செக்ரோப்பின் நேர்மின்னூட்டம் உடையது. நலமான உயிரணுவின் புறச்சவ்வு பெரும்பாலும் மின்னூட்டச் சமநிலையில் உள்ளது. புற்றணுவிலோ உட்புறத்தே இருக்க வேண்டிய எதிர்மின்னூட்டக் கொழுப்புப் பொருள் வெளிப்புறத்தே தலைகாட்டுகிறது. பெப்டைடு அதனை நாடிச்சென்று ஒட்டிச் சவ்வைத் துளைக்கிறது, அணு உடைகிறது. சிறுநீர்ப்பைப் புற்றணுக்களைச் செக்ரோப்பின் அழிப்பதையும், இயல்பான இணைப்புத்திசு அணுக்கள் அதனைத் தாங்கி நிற்பதையும் 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது.

இவையெல்லாம் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கலத்தில் நிகழ்ந்தவை. மாணவர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. பெப்டைடை உண்டால் இரைப்பையும் குடலும் உணவுப் புரதத்தைப் போலவே அதனையும் சிதைத்துவிடும். குருதியில் செலுத்தினும் நொதிகள் விரைந்து அறுத்துவிடும். எனவே, கூட்டுப்புழுவை வேகவைத்து உண்பது புற்றுநோய்க்கு மருந்தாகாது. அவ்வாறு எவரேனும் கூறக் கேட்டுக் காலத்தை வீணாக்குவோர் இழப்பது, தொடக்கத்திலேயே கண்டால் குணமாகக்கூடிய வாய்ப்பினை. அறிஞர் அண்ணா இந்நோயால் 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயராலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. நம் வட்டாரத்தார் நாட வேண்டியது அதனை.

விலங்கு வழிப் பெப்டைடு எதுவும் மருந்தாகவில்லையோ எனின், ஆகியுள்ளது; ஆனால் நேர்வழியில் அன்று. கடல்முயல் எனப்படும் கடல் நத்தையிலிருந்து டோலாஸ்டாட்டின் 10 என்னும் பெப்டைடை அமெரிக்காவின் பெட்டிட் குழுவினர் 1987இல் வெளிப்படுத்தினர். அது சவ்வைத் துளைப்பதன்று. அணு இரண்டாகப் பிளவுறுவதைத் தடுப்பது. தனித்துக் கொடுத்தபோது அதன் நச்சுத்தன்மை மிகுந்திருந்தது. பின்னர் அதன் செயற்கை மாற்றுருவை, புற்றணுவைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருள் ஒன்றுடன் பிணைத்தனர். அம்மருந்தே 2011இல் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிரென்டக்சிமாப் வெடோட்டின். வியப்பு யாதெனின், கடல்முயல் அந்நஞ்சைத் தானே ஆக்கவில்லை. தான் மேயும் நீலப்பச்சைப் பாசியிலிருந்து பெற்றது என்பது பிற்கால ஆய்வில் தெரியவந்தது.