காக்கும் படையே தாக்கும் படையாய்...
(கொரோனா நோயில் எதிர்ப்பாற்றலின் பங்கு)

முன்னுரை

உடலினுள் புகும் நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் திறனை நோய் எதிர்ப்பாற்றல் என்கிறோம். அவ்வாற்றல் எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவு நன்மை என்பதே மக்களிடையே நிலவும் பொதுவான எண்ணம். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் ஊஹான் நகரில் கண்டறியப்பட்டு உலகெங்கும் பரவிய கொரோனாத் தொற்று, இவ்வெண்ணத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்தியது. மூச்சுத்திணறி மாண்டோர் பலரின் நுரையீரலைச் சிதைத்ததில் வைரசோடு அவர்தம் எதிர்ப்பாற்றலுக்கும் பங்குண்டு. அஃது எங்ஙனம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுரையீரலின் நுட்பம்

இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து புறப்படும் குருதி, நுரையீரலில் காற்றைப் பெற்ற பின்னரே இடப்பக்கத்தை அடைகின்றது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதியவர், டமாஸ்கஸில் பயின்று எகிப்தில் மருத்துவராய் விளங்கிய இப்னு நஃபீஸ் ஆவார். அப்பரிமாற்றம் நிகழும் இடம் நுரையீரலிலுள்ள கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளாகும். காற்றுக்கும் குருதிக்கும் இடையே உள்ள திரை, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்களவே தடிப்புடையது. உயிர்வளி எளிதில் ஊடுருவுவதற்கு இம்மென்மை இன்றியமையாதது. ஆயின், சிறு வீக்கத்தையும் இத்திரை தாங்காது.

கொரோனா வைரஸ் தன் மேலுள்ள முட்புரதத்தால் ‘ஏ.சி.இ.-2’ என்னும் ஏற்பியைப் பற்றிக்கொண்டு உயிரணுவினுள் நுழைகின்றது. நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதவாறு காக்கும் நீர்மத்தைச் சுரக்கும் அணுக்களிலும் இவ்வேற்பி உண்டு.

காவலின் தாமதம்

தொற்றுற்ற உயிரணு முதலில் செய்வது, அண்டை அணுக்களுக்கு எச்சரிக்கை விடுப்பதாகும். அவ்வெச்சரிக்கையைச் சுமந்து செல்லும் பொருளே 1957-இல் ஐசக்ஸ், லிண்டன்மான் ஆகியோர் கண்டறிந்த இன்டர்ஃபெரான். கொரோனா வைரசின் புரதங்கள் சில, இதன் சுரப்பையும் செயலையும் தடுக்கின்றன. சிலருக்கோ தடை உடலின் உள்ளேயே இருக்கின்றது. 2020-இல் வெளிவந்த ஆய்வொன்றில், உயிருக்கு ஊறு நேரும் நிலையை அடைந்த 987 நோயாளருள் 101 பேரின் குருதியில், இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. தொடக்கத்தில் காவல் தளர்ந்தமையால் வைரஸ் தங்குதடையின்றிப் பெருகுகின்றது.

எல்லை கடந்த போர்

காலந்தாழ்ந்து விழித்த படை, அளவு மீறிப் பொருதுகின்றது. நுரையீரலில் குழுமும் விழுங்கணுக்கள் இன்டர்லூக்கின்-6 முதலிய சைட்டோகைன்களைப் பொழிகின்றன. அவற்றால் குருதி நுண்குழாய்களின் சுவர் நெகிழ்ந்து நீர் கசிகின்றது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் கிருமிகளைச் சிக்கவைக்க வலை போன்ற இழைகளை வீசுகின்றன. அவ்விழைகள் நலமுள்ள திசுவையும் புண்படுத்திக் குருதி உறையவும் வழிகோலுகின்றன. காற்றிருந்த நுண்ணறைகளில் நீரும் சிதைந்த அணுக்களும் நிறைய, உயிர்வளி குருதியைச் சென்றடைவதில்லை.

இந்நிலையைச் ‘சைட்டோகைன் புயல்’ என்று அழைப்பதுண்டு. எனினும், கொரோனா நோயாளரிடம் காணப்பட்ட இன்டர்லூக்கின்-6 அளவு, வேறு சில கடும் நோய்களில் காணப்படும் அளவினும் குறைவே என ஆய்வாளர் சுட்டியுள்ளனர். எனவே, புயலின் வலிமையோடு அது வீசிய இடமும் காலமும் கருதத்தக்கன.

மருத்துவம் தந்த சான்று

இக்கருத்தை உறுதிப்படுத்தியது, பிரிட்டனில் நடைபெற்ற ‘ரெக்கவரி’ ஆய்வு. எதிர்ப்பாற்றலை அடக்கும் விலை மலிவான பழைய மருந்தாகிய டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், உயிர்வளி மட்டும் பெற்றோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என 2020 சூன் திங்களில் அறிவிக்கப்பட்டது. உயிர்வளி தேவைப்படாத நோயாளருக்கோ அம்மருந்தால் பயனில்லை.

போர் முற்றிய பின் படையை அடக்குவது நன்று. பகைவன் நுழையும்போதே அதன் கையைக் கட்டுவது தீது என்பதே இதன் பொருள். 2021-இல் நம் நாட்டில் இரண்டாம் அலை வீசியபோது பலரைக் கருப்புப் பூஞ்சை நோய் பற்றியது. கட்டுக்கடங்காத நீரிழிவோடு, இவ்வகை மருந்துகளைத் தேவையின்றியும் அளவின்றியும் கையாண்டமையும் அதற்குக் காரணமாயிற்று.

முடிவுரை

மிகுதலும் குறைதலும் நோய்க்குக் காரணம் என்னும் கருத்தை வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ அதிகாரத்தில் வைத்துள்ளார். எதிர்ப்பாற்றலுக்கும் அது பொருந்தும். தடுப்பூசியின் சிறப்பும் இங்கேதான் புலனாகின்றது. அது படையை வெறிகொள்ளச் செய்வதன்று; பகைவனை முன்னரே அடையாளங்காட்டி, உரிய நேரத்தில் எழப் பழக்குவது. ஆகவே மாணவர்களே, ‘எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்’ என்று எவரேனும் ஒரு பொருளை விற்க வரின், ‘எவ்வளவு? எப்பொழுது?’ என்று வினவுங்கள். மருத்துவர் அறிவுரையின்றி மாத்திரை வாங்கும் கையைத் தடுங்கள். காலமும் அளவும் அறிந்த காவலே காவலாகும்.