வளரும் பிள்ளையிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள்



பதினைந்து வயது மகனுக்கு உம்மா சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறார். பள்ளி வேன் வரும் நேரம். அவனாகப் போட்டால் தாமதமாகும். மதியம் சோற்றையும் பிசைந்து வைக்கிறார். எல்லாம் அன்பினால்தான். ஆனால் இரவில் அதே உம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை. "எனக்குப் பிறகு இவனுக்கு யார்?"

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா போன்ற நிலைகளுடன் வளரும் பிள்ளைகளின் வீடுகளில் இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. அதற்கான பதில், பிள்ளை இன்று தானாகச் செய்யும் ஒரு சிறு வேலையில் தொடங்குகிறது.

முதலில் புரிந்துகொள்வோம்

இவை வளர்ப்பின் குறையோ, பிள்ளையின் சோம்பலோ அல்ல. மூளை வேறு விதமாக இயங்குவதால் வருபவை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் திடீர் மாற்றமும் பெருஞ்சத்தமும் தாங்க முடியாதவையாக இருக்கலாம். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு ஒரே வேலையில் கவனம் நிற்பது கடினம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை அறிவில் குறைந்தது அல்ல. எழுத்துகளைப் படிப்பதில்தான் தடுமாறுகிறது.

பதின்ம வயதில் இன்னொரு சுமையும் சேர்கிறது. "மக்கு" என்று பல ஆண்டுகள் கேட்ட பிள்ளை அதை நம்பத் தொடங்கிவிடும். தூக்கமும் பசியும் குறைந்து, பிடித்த விளையாட்டையும் விட்டு ஒதுங்கினால், "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு முன்மாதிரி

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்ற நபித்தோழர். நபி (ஸல்) அவர்கள் அவரிடம் பாங்கு சொல்லும் பணியைக் கொடுத்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவில் தமக்குப் பதிலாகவும் அவரை நியமித்தார்கள். பார்வையின்மை அவரைப் பொறுப்பிலிருந்து ஒதுக்கி வைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளையிடம் நாம் எந்தப் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறோம்?

எப்படிக் கற்றுக்கொடுப்பது?

உளூ செய்வதையே எடுத்துக்கொள்வோம். "போய் உளூ செய்துவிட்டு வா" என்பது நமக்கு ஒரு வேலை. பிள்ளைக்கு ஏழெட்டு வேலைகள். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலை, கால் என்று வரிசையாகப் படம் வரைந்து குழாய்க்கு மேலே ஒட்டுங்கள். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் துணை நின்று, கடைசிப் படியான கால் கழுவுவதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். "நானே முடித்தேன்" என்ற மகிழ்ச்சியோடு அது எழுந்து வரும். அடுத்த வாரம் தலைக்கு மஸ்ஹு செய்வதையும் விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொரு படியாக நம் கையை எடுத்துக்கொண்டே வரலாம். சட்டை போடுவது, தேநீர் போடுவது, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருவது எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ஒரு வேலை நன்றாகப் பழகிய பிறகே அடுத்தது.

ஜும்ஆ நாளின் கூட்டமும் ஒலிபெருக்கியும் பிள்ளையைத் திணறடித்தால், கூட்டமில்லாத ஒரு வேளையில் அழைத்துப்போய்ப் பள்ளிவாசலைப் பழக்குங்கள். பிறகு ஜும்ஆவுக்குச் சற்று முன்பே போய், வாசலுக்கு அருகில் ஒரே இடத்தில் உட்காருங்கள். காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளையைக் கண்டால், பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்காமல் வழி விடுவதே பெரிய உதவி.

பேசத் தயங்கும் விஷயம்

பருவமடையும் வயதைத் தாண்டிப் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். உடலில் வரும் மாற்றம், குளிப்புக் கடமை, கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவது, யார் எங்கே தொடக் கூடாது என்பது ஆகியவற்றை நேரடியான எளிய சொற்களில் சொல்லுங்கள். ஜாடையாகச் சொன்னால் பல பிள்ளைகளுக்குப் புரியாது. மகளுக்கு மாதவிடாய் நாட்களை நாட்காட்டியில் குறிக்கப் பழக்குங்கள். "வேண்டாம்" என்று சொல்லவும் கற்றுக்கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கீழ்ப்படியும் பிள்ளையைத் தவறாகப் பயன்படுத்துவது எளிது.

சட்டம் தரும் உதவி

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு மூன்றும் உண்டு. ஏ.டி.எச்.டி. அதில் தனி வகையாக இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே அவரிடம் பேசிவிடுங்கள்.

18 வயது நிறைந்தவர் சட்டப்படி தம் முடிவைத் தாமே எடுக்கும் பெரியவர். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவற்றால் அது முடியாதவர்களுக்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். எல்லோருக்கும் இது தேவைப்படாது. முடிவெடுக்கக் கூடிய பிள்ளைக்கு இன்றே சிறு முடிவுகளைப் பழக்குங்கள்: எந்தச் சட்டை, எந்தப் பழம், எந்தத் தொழிற்பயிற்சி.

இந்த வாரம் வீட்டில் செய்ய

1. பிள்ளைக்காக நாம் செய்துவரும் வேலைகளை எழுதுங்கள்.
2. அதில் ஒன்றைப் பிள்ளையோடு சேர்ந்து தேர்ந்தெடுத்து, படிகளாகப் பிரியுங்கள்.
3. கடைசிப் படியைப் பிள்ளையிடம் விட்டுவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆகும் என்றால், பத்து நிமிடம் முன்னதாக எழுப்புங்கள்.
4. அண்ணன், அக்கா, நன்னா, நன்னி எல்லோரும் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள்.

சட்டையில் பொத்தான் கோணலாக இருக்கட்டும். அதை அவனே போட்டான் என்பதுதான் முக்கியம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் முயற்சியிலும் நம் பொறுமையிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.