படகு இயந்திரம் சூடேறினால்

நிலத்தை விட்டு இடம்பெயர்ந்து கரையோரத்தில் வாழ நேரும்போது, மண்வெட்டி பிடித்த கைகள் படகு இயந்திரத்தையும் பழக வேண்டியிருக்கிறது. உழவு இயந்திரத்தை அறிந்த நமக்கு இது முற்றிலும் புதிய பாடமல்ல. றேடியேற்றரில் உள்ள நீரைக் காற்று குளிர்விக்கிறது. உள்ளிணைப்பு டீசல் இயந்திரத்தில் அந்த வேலையைக் கடல் செய்கிறது.

இத்தகைய இயந்திரங்கள் பலவற்றில் இரண்டு நீரோட்டங்கள் உண்டு. ஒன்று நன்னீர். அது இயந்திரத்துக்குள்ளேயே சுற்றிவந்து சூட்டை வாங்குகிறது. மற்றது கடல்நீர். அது படகின் அடியிலுள்ள வால்வு வழியாக ஏறி, வடிகட்டியைக் கடந்து, றப்பர் இதழ்கள் கொண்ட பம்பியால் வெப்பமாற்றிக்குள் தள்ளப்படுகிறது. அங்கே மெல்லிய குழாய்களின் சுவரூடாக நன்னீரின் சூட்டைப் பெற்று, புகையோடு சேர்ந்து வெளியே பாய்கிறது. இரு நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

ஆகவே வெப்பமானி முள் ஏறினால், முதலில் புகைக்குழாயைப் பார்ப்போம். பழுது எந்தப் பக்கம் என்பதை அதுவே சொல்லும்.

நீர் குறைந்தால், அல்லது ஆவி மட்டும் வந்தால்: பழுது கடல்நீர்ப் பக்கம். இயந்திரத்தை உடனே நிறுத்துங்கள்.
1. வால்வு திறந்திருக்கிறதா?
2. வடிகட்டியில் பாசியோ பொலித்தீன் பையோ அடைத்துள்ளதா? வால்வை மூடிய பின்னரே வடிகட்டியைத் திறக்க வேண்டும். இல்லையேல் கடல் உள்ளே வரும்.
3. பம்பியின் றப்பர் இதழ்கள் முழுமையாக உள்ளனவா? நீரின்றிச் சிறிது நேரம் ஓடினாலே அவை கிழியும். உடைந்த துண்டுகளைத் தேடி எடுங்கள். அவை வெப்பமாற்றியின் வாயில் சிக்கியிருக்கும்.

நீர் நன்றாகப் பாய்ந்தால்: பெரும்பாலும் பழுது நன்னீர்ப் பக்கம்.
1. இயந்திரம் ஆறிய பின் நீர்மட்டத்தைப் பாருங்கள்.
2. பெல்ற் தளர்ந்துள்ளதா?
3. தேமோஸ்ரற்றைக் கழற்றிப் பானை நீரில் இட்டுச் சூடாக்குங்கள். நீர் கொதிக்கும் முன்பே அது திறக்காவிட்டால் மாற்ற வேண்டும்.
4. வெப்பமாற்றியின் குழாய்களில் உப்புப் படிந்துள்ளதா?
5. விசிறியில் கயிறோ வலையோ சுற்றியிருந்தாலும் சுமை கூடிச் சூடேறும்.

இரண்டு எச்சரிக்கைகள்: சூடாக இருக்கும்போது நன்னீர் மூடியைத் திறக்காதீர்கள்; பீறிடும் ஆவி முகத்தைச் சுட்டுவிடும். கொதித்த இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

வயலில் இயந்திரம் நின்றால் நடந்து வீடு சேரலாம். கடலில் அது முடியாது. ஆகவே மேலதிகமாக ஒரு றப்பர் இதழ்ச் சக்கரமும், அதைக் கழற்றும் சாவிகளும் எப்போதும் படகில் இருக்கட்டும்.

கூடிப் பேசுவோம்: நம் படகின் கடல்நீர் வால்வு எங்கே இருக்கிறது? இருட்டிலும் அதை மூட நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?