வெளியே எடுக்கும் நேரம்

திருச்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன்னை விமான எஞ்சினுக்குள் குழாய் விட்டு விரிசல் தேடும் போரோஸ்கோப் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னான். பெருமையாகத்தான் ஆரம்பித்தான். "அந்தக் கருவி பல லட்சமாமே அண்ணா, ஏதாவது ஆகிவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களா?" என்று கேட்டு முடித்தான். அவனுக்கு ஏதோ சமாதானம் சொல்லி வைத்தேன். உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. போனில் சொன்னால் எல்லாவற்றுக்கும் "சரி பெரியப்பா" என்பாய், அதனால்தான் கடிதம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கையில் இருந்தது ஃபைபர்ஸ்கோப். ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளை ஒரே கட்டாகச் சேர்த்து, ஒரு முனையில் விழும் படத்தை மறுமுனைக்குக் கொண்டுவருவார்கள். 1954-இல் ஹாப்கின்ஸும், பஞ்சாபில் மோகாவில் பிறந்த நம்மவர் நரீந்தர் சிங் கபானியும் 'நேச்சர்' இதழில் எழுதிக் காட்டிய வித்தை அது. அதில் ஓர் இழை உடைந்தால் படத்தில் ஒரு கரும்புள்ளி விழும், அது பிறகு போகவே போகாது. ஒரு பழைய ஸ்கோப்பைக் கையில் வாங்கிக் கண்ணில் வைத்தவுடனே, இதுவரை வைத்திருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடும்.

உன் வீடியோஸ்கோப்பில் அந்த வசதி கிடையாது. நுனியிலேயே கேமரா இருப்பதால் படம் கடைசி நாள்வரை பளிச்சென்றே தெரியும். உள்ளே நுனியை வளைக்கும் இழுகம்பிகள் தளர்ந்துகொண்டு வந்தாலும், மேலே டங்ஸ்டன் உறையில் ஒவ்வொரு கம்பியாக அறுந்துகொண்டு வந்தாலும் திரை ஒன்றும் காட்டிக்கொடுக்காது. திடீரென்று ஒருநாள் இருட்டிவிடும். அன்று கருவியைப் பிடித்திருந்தவர் தலையில் பழி விழும். உண்மையில் கெடுத்தவர் ஆறு மாதம் முன்பு பெட்டியை அவசரமாக மூடிய யாராவதாக இருக்கலாம்.

நான் பார்த்தவரை ஸ்கோப்புகள் உள்ளே போகும்போது கெடுவது குறைவு. போகும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கெடுவதெல்லாம் வெளியே எடுக்கும்போதும், சுருட்டும்போதும், பெட்டிக்குள் வைக்கும்போதும்தான். விரிசல் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குள் தெரிந்துவிட்டிருக்கும். மனசு ரிப்போர்ட் எழுதப் போயிருக்கும், கை மட்டும் எஞ்சினிடம் நின்றுகொண்டிருக்கும்.

நுனிக்குப் பின்னால் வளையும் பகுதி இருக்கிறதே, அந்தக் கழுத்துதான் மொத்தக் கருவியிலும் நோஞ்சான். எரியறையான கம்பஸ்டருக்குள் போய் முதல் வரிசை வேன்களை, அதாவது அசையாத தகடுகளை, பார்க்க அதை நன்றாக வளைப்பாய். பார்த்து முடித்ததும் அப்படியே இழுத்தால், மீன் தொண்டையில் சிக்கிய தூண்டில் முள் மாதிரி அது வேன் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். கைக்கு ஒரு தடை தெரியும். ஸ்கோப்பை நுழைத்த துளையின், அதாவது போர்ட்டின், வாயில் உரசுகிறது போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பலமாக இழுப்பார்கள். ஓர் ஊர் ஹேங்கரில் அப்படி இழுத்த இழுப்பில் கழுத்து உறை கிழிந்து, படமும் போய், நுனி உள்ளேயே மாட்டிக்கொண்டது. படம் இல்லாமல் எந்தப் பக்கம் அசைப்பது? கடைசியில் எஞ்சினையே இறக்க வேண்டியதாயிற்று.

ஆகவே இழுப்பதற்கு முன்னால் வளைவின் லாக்கை எடு. நுனியை நேராக்கும் பொத்தானை அமுக்கு, நேராகிவிட்டதா என்று திரையில் பார், பிறகு இழு. தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்து. ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, குழாயை விரல்களுக்கிடையில் மெல்ல உருட்டி, திரையைப் பார்த்துக்கொண்டே மறுபடி இழு. கண் திரையில் இல்லாத நேரத்தில் குழாய் ஒரு விரற்கடைகூட நகரக் கூடாது. அதேபோல், கழுத்து வளைய இடமில்லாத சந்துக்குள் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டே இருக்காதே. மோட்டார் விடாமல் இழுக்கும், கம்பிதான் நீளும். புதிதாக வருகிறவர்கள் கழுத்தைக் கையால் வளைத்துப் பார்ப்பார்கள், அதைக் கண்டால் உடனே தடு.

கிராங்க் சுற்றும்போது வரும் ஆபத்து வேறு மாதிரி. CFM56 மாதிரி எஞ்சினில் பின்னாலிருக்கும் கம்ப்ரஸர் ஒன்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லா பிளேடும் உன் கேமரா முன்னால் ஒருமுறை வந்து போக வேண்டும். நீ போர்ட் அருகே நிற்பாய், இன்னொருவர் கியர்பாக்ஸில் கிராங்க் போட்டு ரோட்டரைத் திருப்புவார். நுனி வேனைத் தாண்டி பிளேடு ஓடும் வழியில் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு சுற்றில் நறுக்கிவிடும். கையால்தானே திருப்புகிறோம், இடித்தால் தெரியும் என்று நினைக்காதே. கியர் வழியாகப் போகிற விசை அது, திருப்புகிறவர் கைக்கு அந்த இடி எட்டாது.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல்: ஹேங்கர் இரைச்சலில் 'சுத்து' என்பதும் 'நிறுத்து' என்பதும் ஒன்றுபோலவே கேட்கும், கடைசி 'த்து'தான் காதுக்கு வந்து சேரும். எங்கள் குழுவில் திருப்பச் சொல்ல 'சுத்து', நிறுத்தச் சொல்ல 'ஸ்டாப்' என்று வைத்துக்கொண்டோம். சத்தம் அதிகமென்றால் ஹெட்செட் கேள். ஸ்கோப்பைப் பிடித்திருப்பவர் மட்டும்தான் கட்டளை கொடுக்க வேண்டும். பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற சூப்பர்வைசர் "ம், போகலாம்" என்றால்கூட கிராங்க் அசையக் கூடாது. அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

திறந்த வெளியில் வேலை என்றால் காற்றையும் பார். நிற்கிற விமானத்தில் ஃபேன் காற்றுக்குத் தானாகச் சுற்றும், அதோடு சேர்ந்து பின்னால் லோ பிரஷர் டர்பைனும் சுற்றும். அங்கே ஸ்கோப்பை விட்டிருந்தால் யாரும் தொடாமலே நுனி போய்விடும். ஃபேன் அசையாதபடி கட்டிவிட்டுத்தான் போர்ட்டைத் திற.

சூடு விஷயத்தில் உன்னை அவசரப்படுத்துவார்கள். விமானம் இறங்கி எஞ்சின் அணைந்தும் டர்பைன் பகுதி நெடுநேரம் தணலாகவே இருக்கும். பெரும்பாலான ஸ்கோப் நுனிகள் 80 முதல் 100 டிகிரி வரைதான் தாங்கும், உன் கருவிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து மனப்பாடம் செய்துகொள். திரையில் வெப்ப எச்சரிக்கை வந்தால் 'இந்த ஒரு பிளேடை மட்டும் பார்த்துவிடுகிறேன்' என்று நிற்காதே. அடுத்த விமானம் எப்போது கிளம்பும் என்று மேலேயிருந்து போன் வந்துகொண்டேதான் இருக்கும். எஞ்சின் எப்போது ஆறும் என்பது அவர்கள் கையிலும் இல்லை, உன் கையிலும் இல்லை.

ஸ்கோப் நுனியில் மாற்றிப் போடும் லென்ஸ் டிப்புகளில் பெரும்பாலும் இரட்டை மரை இருக்கும். முதல் மரை ஏறி முடிந்ததும் டிப் சும்மா சுற்றும். முடிந்துவிட்டது என்று அங்கே விட்டுவிடுகிறார்கள். லேசாக அழுத்திச் சுற்றினால்தான் இரண்டாவது மரை பிடிக்கும். விரலால் மட்டும் திருகு, பிளையரைத் தொடாதே. பிறகு மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடு. ஒரு டிப் எஞ்சினுக்குள் விழுந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது. வேலை முடிந்ததும் பெட்டியில் டிப்புகளை எண்ணு, யார் அவசரப்படுத்தினாலும் எண்ணு. அளவெடுக்கும் டிப் அந்த ஸ்கோப்போடு சேர்த்துச் சரிபார்க்கப்பட்டது. பக்கத்துப் பெட்டியிலிருந்து கடன் வாங்கிப் போட்டால் வரும் அளவு பொய். அந்தப் பொய்யை நம்பி நல்ல எஞ்சினைத் தள்ளிவிடலாம், கெட்டதைப் பறக்கவும் விடலாம்.

சுத்தம் செய்வதைக் கடைசி வேலையாக நினைக்காதே, உண்மையான சோதனையே அதுதான். மெல்லிய, நூல் உதிராத துணியைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, கைப்பிடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுத்துக்கொண்டு போ. எங்காவது துணி மாட்டினால் அங்கே உறையில் ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் விரலால் தடவாதே, குத்தும். எண்ணெய், எரிபொருள் எதுவானாலும் அன்றைக்கே துடைத்துவிடு. ஸ்கைட்ரால் என்னும் ஹைட்ராலிக் திரவம் பட்டால் அந்த நிமிஷமே துடை, பல பிளாஸ்டிக்குகளை அது தின்றுவிடும். லென்ஸுக்குப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும். அசிட்டோன் வேண்டாம், சட்டை நுனியும் வேண்டாம். லென்ஸில் ஓர் எண்ணெய்த் தீற்றல் இருந்தாலே பிளேடில் எரிந்த தடம் மாதிரி தெரியும்.

பிறகு பெட்டி. குழாயைச் சின்ன வட்டமாகச் சுருட்டாதே, பெட்டியில் அதற்கென்று வெட்டிய பள்ளத்தின் வளைவிலேயே விடு. நடுவில் முறுக்கு விழுந்து வளையம் தெரிந்தால் இரு பக்கமும் இழுக்காமல், வளையத்தைப் பெரிதாக்கிப் பிரி. மூடியை இறக்கும்போது விளிம்பு முழுக்க ஒருமுறை விரலை ஓட்டிப் பார். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் நசுங்கிச் செத்த ஸ்கோப்புகளைக் கண்டால் வயிறு எரியும், எஞ்சின் பக்கமே போகாமல் செத்தவை அவை. நீ இருக்கும் சென்னையில் காற்றில் ஈரம் அதிகம், ஈரக் குழாயை ஃபோமில் வைத்தால் ஃபோம் குடித்து வைத்துக்கொள்ளும். உலர்த்தி வை, சிலிக்கா ஜெல்லை மாற்று. வளையாத பழைய ரிஜிட் ஸ்கோப் இருந்தால் அதன் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், அதையும் அவ்வப்போது எடுத்துப் பார்.

இடித்துவிட்டால் சொல். படம் நன்றாகத்தானே வருகிறது என்று வைத்துவிடாதே. எங்கே இடித்தது, எந்த போர்ட் என்று பதிவேட்டில் எழுதி, டேக் கட்டி, ஸ்டோரில் ஒப்படை. அடுத்த ஷிப்ட்டுக்காரன் அதை நம்பி எடுத்துப்போய், அறுந்த கம்பித் துண்டு ஒன்று எஞ்சினுக்குள் விழுந்தால் அதைத் தேடுவது உங்கள் எல்லோருடைய வேலையாகிவிடும். திட்டு விழும், உண்மைதான். ஆனால் சொன்னவருக்கு விழும் திட்டு இரண்டு நாள்தான் ஓடும்.

உங்கள் கருவி புது மாடல் என்று கேள்விப்பட்டேன். கையேட்டில் பராமரிப்புப் பகுதியை வெளியே காட்ட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள். உண்டென்றால் தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா, உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். வேளைக்குச் சாப்பிடு, நைட் ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் பார்த்துப் போ.

அன்புடன்,
பெரியப்பா