கிணற்று நீருக்கு இடும் குளோரீன்

தோட்டக் கிணற்றிலேயே குடிநீரும் அள்ளும் கமக்காரர், வெள்ளம் வடிந்தபின் சேற்று நீரை இறைத்துவிட்டு வெளிற்றும் தூள் இடுவர். கிருமியைக் கொல்வது அத்தூளிலுள்ள குளோரீனே. வெயில் அதனைச் சில மணி நேரத்தில் அழித்துவிடுமாதலால், மாலையில் இட்டு இரவு முழுதும் விடுதல் நன்று.

நீச்சற் குளங்களுக்கென விற்கும் வில்லைகளில், வெயிலைத் தாங்குதற்பொருட்டுச் சயனூரிக்கமிலம் சேர்ந்திருக்கும். இவ்வமிலம் ஆவியாகாது, நீரிற் சேரச் சேரக் குளோரீன் கிருமியைக் கொல்லும் வேகம் குறையும். குடிநீர்க் கிணற்றுக்கு அவ்வில்லை ஆகாது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணறுகளிற் பலவற்றின் நீர் காரச் சார்புள்ளது. அதனைக் காட்டும் பீ.எச். பெறுமானம் 8 ஐக் கடந்தாற் குளோரீனின் வலி குன்றும். கடவாத நீரில், அரை மணி நேரத்தின் பின் இலீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருந்தாற் போதும். புதிய தூளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே குளோரீன். திறந்து கிடந்த பொதியில் அதுவுமிராது.