போரில் கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால்: திருப்பூரில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

ஈழப் போரில் எறிகணையிலும் மிதிவெடியிலும் கால் இழந்த பொதுமக்கள் ஏராளம். 1983 முதல் தமிழகம் வந்த குடும்பங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். காயம் ஆறிப் பல வருடமாகியும் ஊன்றுகோலிலேயே காலம் தள்ளும் ஒருவர், பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முட்டிக்குக் கீழே இழந்தவருக்கான வழி இது. சேர்ந்தே போவோம்.

செயற்கைக் கால் என்றால் என்ன?

மீதிக் கால் உட்காரும் கிண்ணம் (சாக்கெட்), நடுவில் குழாய், கீழே பாதம். மூன்றில் முக்கியமானது சாக்கெட். அது பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த பாதமும் வீண்.

நமக்குத் தெரிந்த ஜெய்ப்பூர் கால், 1960களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது. அதைப் போட்டுக்கொண்டு சம்மணம் போடலாம், வெறுங்காலோடு வயலில் இறங்கலாம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் மையம் இயங்குகிறது. உள்ளூரிலேயே கால் செய்து, உள்ளூரிலேயே பழுது பார்க்கிறார்கள். நாமும் முதலில் தேட வேண்டியது, பழுது பார்க்கப் பக்கத்தில் இருக்கும் இடத்தைத்தான்.

முதல் படி: மீதிக் காலைத் தயார் செய்வது

தழும்பு, புண், வலிக்கும் இடம் மூன்றையும் மருத்துவரிடம் காட்டுவோம். உடம்பில் குண்டுச் சிதறல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்காதீர்கள். முட்டி மடங்கியபடியே இறுகிப்போகும். தினமும் சிறிது நேரம் குப்புறப் படுப்பது நல்லது. வீக்கம் இருந்தால் கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் சுற்ற வேண்டும். கட்டும் முறையை பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நேரில் பார்த்துக்கொள்வோம்.

இல்லாத பாதம் வலிக்கிறதா? அது பிரமை அல்ல. மூளை தரும் நிஜமான வலி. சென்னையில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடி சிகிச்சையைக் கொண்டுவந்தார். மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எங்கே, எவ்வளவு?

நமக்குப் பக்கம் கோவை அரசு மருத்துவமனை. அடுத்து, சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம். இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர்கள் வெளியூரில் தங்க நேர்ந்தால், முகாம் ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

அரசு வழியில் இலவசமாகக் கிடைக்க வாய்ப்புண்டு. தனியாரில் பல ஆயிரத்தில் தொடங்கி லட்சங்கள் வரை போகும். மறைந்திருக்கும் செலவு வேறு: அளவெடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், சரி செய்ய இன்னொரு நாள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு இந்த நாட்களெல்லாம் கூலி இல்லாத நாட்கள். பஸ் செலவோடு இதையும் எடுத்து வைப்போம். சில வருடத்துக்கு ஒருமுறை கால் மாற்ற வேண்டியிருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம்.

எப்படிப் பழகுவது?

முதல் நாள் அரை மணி நேரம் போதும். கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் பத்து நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் சாக்கெட் அங்கே அழுத்துகிறது, மையத்துக்குத் திரும்புவோம்.

உள்ளே போடும் உறையில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. வட்டப் பின்னலில் குறைந்த அகலத்தில் ஓட்டிய காட்டன் துணியில் பக்கத் தையலே இருக்காது. நுனியில் தையல் மேடு உறுத்தாதபடி முடிக்கச் சொல்லுங்கள். வியர்வை ஊறும் வெயில் இது. நான்கைந்து உறை வைத்துக்கொண்டு தினமும் துவைத்து, சாக்கெட்டையும் இரவில் துடைத்துக் காய வைப்போம்.

மெஷினில் உட்காரும்போது

செக்கிங், டிரிம்மிங் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். பவர் டேபிளில் நல்ல காலால் மிதிக்கலாம். மிதியை அந்தப் பக்கம் நகர்த்தித் தர மெக்கானிக்கிடம் கேட்கலாம். பிரஷர் ஃபுட்டைத் தூக்க வலது முட்டியால் தள்ளும் லிஃப்ட்டை, முட்டி தங்கியவர் பழகிவிடுவார். ஸ்டூல் உயரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட்டை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஜாக்கிரதை

கொப்புளத்தின் மேல் கால் மாட்டாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் மற்றக் காலின் பாதத்தைத் தினமும் பாருங்கள். ஒருநாள் மருத்துவ முகாமில் கால் கொடுத்துப் படம் எடுப்பவர்களிடம், அடுத்த மாதம் திருகு கழன்றால் எங்கே வருவது என்று கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் கால் வாங்காதீர்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். மருத்துவச் சீட்டு, அடையாள அட்டை, இரண்டு போட்டோவோடு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் செயற்கைக் கால் கேட்டு மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.