கழன்ற தோளும் இரண்டாவது துளையும்

சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலே தோள் கழன்றுவிடுமோ என்று அஞ்சுகிறவர், ‘கீஹோல்’ என்று ஜனங்கள் சொல்லும் நுண்துளைச் சிகிச்சையை ஒருமுறை செய்துகொண்ட பின்பும் அந்த அச்சம் நீங்காது போனால், “தைத்த ஜவ்வு விட்டுப்போயிற்று, அதே துளை வழியாக இன்னொரு தரம் இறுக்கித் தைத்துவிட்டால் சரியாய்ப் போகும்” என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். சில வேளை அப்படியே ஆகவும் கூடும். ஆனால் நூலைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு, நூலைத் தாங்கும் எலும்பைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை.

தோளைப் பந்துக் கிண்ண மூட்டு என்று பாடப் புத்தகங்கள் சொன்னாலும், கிண்ணம் என்பது உபசார வார்த்தையே. உண்மையில் அது ஆழமில்லாத ஒரு சிறு தட்டு. அதன் விளிம்பைச் சுற்றியுள்ள ஜவ்வு வளையம் முன்புறத்தில் எலும்பைவிட்டுப் பெயர்வதே தோள் திரும்பத் திரும்பக் கழல்வதற்குக் காரணம் என்று 1923-இல் ஆங்கிலேய ரணசிகிச்சை நிபுணர் பாங்கார்ட் எழுதினார். இன்றைய நுண்துளைச் சிகிச்சையும், விளிம்பில் சிறு ஆணிகளைப் பதித்து, பெயர்ந்த ஜவ்வை அவற்றின் நூலால் இழுத்துக் கட்டுவதுதான். ஆயினும் தோள் கழலும் ஒவ்வொரு முறையும் பந்தின் பின்பக்கம் தட்டின் முன்விளிம்பில் மோதுவதால், பந்தில் பள்ளம் விழுகிறது. விளிம்பும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. 2000-ஆம் ஆண்டில் பர்க்ஹார்ட், டி பீர் என்ற இரு நிபுணர்கள் 194 சிகிச்சைகளை ஆராய்ந்தபோது, எலும்பு அதிகம் சேதமுறாதவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும், சேதமுற்றவர்களில் நூற்றுக்கு 67 பேருக்கும் தோள் மறுபடி நிலைகெட்டிருந்தது. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தத் தையலும் கடக்க முடியாது.

முதல் டாக்டரின் கைத்தவறே எல்லாவற்றுக்கும் காரணம் என்பதும் அவசரத் தீர்ப்பே. ஆணி தவறான இடத்தில் பதிவதும் உண்டு, சிகிச்சை பெற்றவர் மறுபடி மைதானத்தில் விழுவதும் உண்டு. துளை சிறிதானபடியால் தேறுவதும் சீக்கிரம் என்பதோ வெறும் ஆசை. தோலில் தழும்பு சிறுத்தாலும், ஜவ்வு எலும்போடு ஒட்ட வேண்டிய காலம் சிறுக்காது. வாரக்கணக்கில் கை தூளியில் தொங்கத்தான் வேண்டும்.

அதற்காக இரண்டாம் துளையே கூடாதென்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எலும்பு சரியாயிருந்து, புதிய அடியால் தையல் பிரிந்திருந்தால், அதே வழி மீண்டும் பொருந்தலாம். பந்தின் பள்ளத்தில் பின்புறத் தசைநாரை இழுத்துத் தைத்து நிரப்புவதையும் துளை வழியாகவே செய்கிறார்கள். விளிம்பு வெகுவாய்க் குறைந்திருந்தாலோ, 1954-இல் பிரான்ஸ் தேசத்து லத்தார்ஷே வகுத்தபடி, தோள்பட்டை எலும்பில் காக்கை அலகுபோல் முன்னே நீண்டிருக்கும் முனையைத் தசைநாரோடு வெட்டியெடுத்து, குறைந்த இடத்தில் திருகாணியால் பொருத்துவதே பெரும்பாலும் தகும்.

ஆகையால் தேதி குறிக்குமுன் சி.டி. ஸ்கேன் எடுத்து, பந்தை நீக்கிய படத்தில் தட்டை மட்டும் காட்டும்படி டாக்டரைக் கேட்கலாம். மேலே குறுகிக் கீழே அகன்ற பேரிக்காய்போல் இருக்க வேண்டிய அது, வெகுவாய்த் தேய்ந்தவர்களுக்குத் தலைகீழாய்க் கவிழ்த்த பேரிக்காயாகத் தெரியும்.